ஏரங்கோ

கண்டக்டரம்மாவின் குரல் போய் இரண்டு வருஷமாகிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கழுத்துக் கட்டியை எடுத்த டாக்டர் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். மின்விசிறியை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆனால் ஒரு காலத்தில் அது, பிதுங்கி வழிகிற பேருந்தின் பின்படியில் நின்றபடியே முன்னால் இருக்கிற டிரைவரின் காலைப் பிரேக்கில் வைக்கச் செய்த குரல். வெண்கலத் தொண்டை என்பார்கள். மூன்று தெரு தள்ளியிருந்த நாத்தனாரை அவள் போனில் கூப்பிட்டதே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் போதும்.

குரல் போனதும் அவளைப் பேருந்திலிருந்து இறக்கி, பணிமனையின் பின்பக்கத்து அறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களெல்லாம் வந்து சேர்கிற அறை அது. குடை, டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு, ஊன்றுகோல். ஒரு தடவை ஒரு பல்செட்டுகூட வந்தது. பல்லை விட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி வீடுவரை போயிருப்பான் என்று அவள் ரொம்ப நாள் யோசித்தாள். வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கத்த வேண்டியதில்லை, நெரிசல் இல்லை, சாயங்காலம் கால் வீங்குவதில்லை. வந்து நிற்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "அடையாளம் சொல்லுங்க."

"கறுப்புக் குடைங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். உலகத்தில் பாதிக் குடை கறுப்பு. "மூணாவது கம்பி ஒடஞ்சு பச்ச நூலால கட்டியிருக்குங்க" என்கிறவன்தான் சொந்தக்காரன். நன்றாக இருக்கிற இடத்தை யார் வேண்டுமானாலும் ஊகித்துச் சொல்லிவிடலாம், கிழிந்த இடம் உடையவனுக்குத்தான் தெரியும் என்பது அந்த அறையில் அவள் கண்ட உண்மை. அடையாளம் சரியாக இருந்தால் சாமானை எடுத்துக் கொடுத்து, ஒரு தாளில் 'என் பொருளைப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வாள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு அவளே எழுதிக் கொடுப்பாள். எழுதி எழுதி அந்த வரி அவள் கைக்குத் தூக்கத்திலும் வரும்.

அவள் புருஷனுக்குப் பேர் சவுண்டு. ஊர் வைத்த பேர். பேர்தான் சவுண்டே தவிர, மனுஷன் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வயசுக் காலத்தில் அவர் ஒரு சின்ன கம்பெனியில் சத்தம் தயாரிக்கிற வேலையில் இருந்தார். காசு போட்டு ஆடுகிற சண்டை விளையாட்டு மெஷின்களைச் செய்கிற கம்பெனி அது. குத்து விழுந்தால் ஒரு சத்தம், உதை விழுந்தால் ஒரு சத்தம், உயிர் போனால் ஒரு சத்தம், அத்தனையும் அவர் கைவேலை. டேப்ரிக்கார்டரை ஒரு ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சத்தம் பொறுக்கப் போவார்.

அவளுடைய பேருந்தில் ஏறியதும் அதற்காகத்தான். கதவு மூடும்போது வருகிற 'புஸ்' விளையாட்டில் ஒரு வீராங்கனையின் உதையாகிவிட்டது. பிரேக்கின் கிறீச்சிடல் மின்னல் வெட்டாகிவிட்டது. ஒருநாள் நல்ல மழை. படிக்கட்டில் நின்று மைக்கை வெளியே நீட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் டிக்கெட்டும் எடுக்காமல் வழியை மறித்துக்கொண்டிருந்த அந்த மனுஷனைப் பார்த்து அவள் ஒரு கத்துக் கத்தினாள்.

"எறங்கு யோவ்!"

அதற்கப்புறம் நடந்தது என்ன என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் தீராத சண்டை. "எறக்கி விட்டுட்டா. கொட்டற மழையில நடந்தே வீட்டுக்குப் போனேன். மூணு நாள் காய்ச்சல்" என்று அவர் சொல்வார். "பொய். நான் திரும்பக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டேன். என் பஸ்லதான் இவரு வீடு போய்ச் சேந்தாரு" என்று இவள் சொல்வாள். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, ஆஸ்பத்திரியில் நலம் விசாரிக்கப் போன இடம், எங்கேயும் விட்டதில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அது ஒரு மணிநேரம் ஓடியது. மருமகன் இப்போதும் வீட்டுக்கு வந்தால், "மாமா, அந்த மழைப் படத்த ஒரு தடவ ஓட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். மகள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இரண்டாவது சண்டை ஒன்றும் உண்டு. அந்தக் கத்தலை எடுத்து மெஷினில் வைத்துவிட்டதாக அவர் சொல்லிவந்தார். விளையாட்டின் பேர் 'எட்டு வாசல்'. ஒவ்வொரு வாசலிலும் ஒருவரைச் சண்டையில் ஜெயித்துக்கொண்டே போனால் எட்டாவது வாசலில் பாலத்தின் மேல் ஒரு ராட்சசன் நிற்பான். தோற்றவரை ஒற்றைக் கையால் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டு ஓர் உறுமல் உறுமுவான். அந்த உறுமல்தான் இவள் குரலாம். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் யார் குரலும் தடித்து, இழுபட்டு, ஆண் குரலாகிவிடும் என்று அவர் விளக்காத நாளில்லை. அவளையே ஒரு தடவை மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கேட்க வைத்தார்.

"அது நான் இல்ல" என்றுவிட்டாள். "எவனோ கெணத்துல விழுந்துட்டுக் கத்துறான்."

அன்றிலிருந்து முப்பது வருஷமாக அதுதான் அவள் கட்சி.

மெஷினைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா என்ன? இழுபட்டுக் கரகரத்து வந்த 'எறங்கு யோவ்' அவர்கள் காதில் 'ஏரங்கோ' என்று விழுந்தது. விளையாட்டில் அந்த ராட்சசனுக்கு வைத்த பேர் வாசல் காப்போன். அந்தப் பேரை யார் சீந்தினார்கள்? ஏரங்கோதான் நிலைத்தது. அன்று காசு போட்டு ஆடிய பிள்ளைகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது; ஆனாலும் விடவில்லை. ஏரங்கோ என்பது கடலில் மூழ்கிய ஒரு ராஜ்ஜியத்தின் பேர் என்று ஒருவர் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இன்னொருவர் அந்தப் பேரைத் தன் முதுகில் பச்சையே குத்தியிருக்கிறார்.

பழைய கம்பெனி மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. அதன் விளையாட்டுகளையெல்லாம் வாங்கி வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, 'எட்டு வாசலை' இப்போது டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல்களுக்காக மறுபடி கொண்டுவர முடிவு செய்தது. வேலை, ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து நடத்திவந்த சின்னக் குழுவுக்குப் போனது. அவர்கள் விசாரித்து விசாரித்துச் சவுண்டைப் பிடித்தார்கள். பழைய மெஷினில் வருகிற சத்தமும் புதிதாகச் செய்வதில் வருகிற சத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன் மாதிரி கிளம்பிப் போக ஆரம்பித்தார்.

வீட்டில் நிம்மதி. அவளுக்குத் தொலைந்த சாமான்கள், அவருக்குப் பழைய சத்தங்கள். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அன்றன்று கிடைத்ததைச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படியிருக்கையில் ஒருநாள் அவளுடைய அறைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வந்து சேர்ந்தது. இடது காதில் மாட்டுகிற இடத்தில் சிவப்பு ஒயர் சுற்றியிருந்தது. சுற்றியவளே அவள்தான். புருஷனிடம் அடையாளம் கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். கண்ணாடிக் கடையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். புருஷனுக்குக் கண்ணாடியைத் தொலைக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

மேலே நடு அறையில் பழைய மெஷின் பீரோ கணக்காக நின்றது. அதன் பக்கத்து மேஜையில் புதிய திரை. அதன் முன்னால் குட்டி. கணினி நிரல் எழுதுகிற பெண்; உயரம் கொஞ்சம் கம்மி என்பதால் எல்லாருக்கும் அவள் குட்டி. அன்று காலையில் குட்டி ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள், செய்ததாக நினைத்திருந்தாள். பழைய சத்தங்களைப் புரட்டும்போது, எல்லாம் பதிவான வேகத்திலேயே ஓடுகின்றன, ஏரங்கோவின் உறுமல் மட்டும் பாதி வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தாள். பழைய மெஷினில் ஏதோ கோளாறு, பாவம் இத்தனை வருஷமாக யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டி, அதையும் சரியான வேகத்துக்கு மாற்றிவிட்டாள். சவுண்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கண்ணாடியைத் தேடிப் பையைக் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில், திரையில் ராட்சசன் ஒரு வீராங்கனையைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். வாயைப் பிளந்தான்.

"எறங்கு யோவ்!"

வெண்கலம். கணீரென்று, வாலிபம் ததும்ப, ஒரு பெண் குரல். அந்த மலை போன்ற உடம்பிலிருந்து.

அறையே கொல்லென்று சிரித்தது. குட்டி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தவர்கள், "இன்னொரு தடவ போடு, இன்னொரு தடவ" என்று கூத்தடித்தார்கள். சவுண்டு மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு செருப்போடு நின்றிருந்தாள். அது தன் குரல்தான் என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடும்மா" என்றாள். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர்தான் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ போடு குட்டி" என்றார்.

நாலைந்து தடவை கேட்டாள். டாக்டர், "பொழச்சதே பெரிசு, குரல் போனா என்ன?" என்று சொன்னபோது, "ஆமா டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. தன் குரல் இவ்வளவு நன்றாக இருந்ததா என்று இருந்தது. அது வேண்டும் என்று இருந்தது. சின்னப் பிள்ளை கடையில் பொம்மையைப் பார்த்துக் கையை நீட்டுமே, அந்த மாதிரி வேண்டும் என்று இருந்தது.

"நாந்தான்" என்றாள் புருஷனிடம்.

"முப்பது வருஷமா என்னத்த சொல்லிட்டிருக்கேன்?" என்றார் அவர்.

குட்டிக்கு விஷயம் விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உறுமலைப் பழையபடி மெதுவாக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் முதுகில் பச்சை குத்தியவர் தேடி வந்து உதைப்பார். ஆனால் புதிய விளையாட்டில் எல்லாச் சத்தத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கேட்க ஒரு பக்கம் இருந்தது. "அந்தப் பக்கத்துல இத இப்பிடியே வெச்சிடறேன். 'ஏரங்கோவின் அசல் குரல்'னு. யாரு வேணா எப்ப வேணா போட்டுக் கேக்கலாம். கீழ உங்க பேரு. சரியாம்மா?" என்றாள்.

அன்று பணிமனைக்குத் திரும்பிப் போனவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குடை கேட்டு வந்த ஒருவரிடம் அடையாளமே கேட்காமல் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, அது அவருடைய குடைதான்.

இரண்டு நாளில் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. பெரிய கம்பெனியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். கண்டக்டரம்மாவையும் மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சாந்தமான முகம், நிதானமான பேச்சு, குற்றம் சொல்ல இடமில்லாத மனுஷி. அவர் சொன்ன விதிதான் சாந்தமாக இல்லை. விளையாட்டில் வருகிற ஒவ்வொரு குரலுக்கும் சொந்தக்காரர் யாரென்று நிரூபணமாக வேண்டும், அவர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிரூபிக்க முடியாத குரலை எடுத்துவிட்டுப் புதுக் குரல் வைப்பார்கள். ஏரங்கோவுக்காக ஒரு நடிகரைப் புதிதாக உறுமவைத்தும் ஆயிற்று. போட்டுக் காட்டினார். சளி பிடித்த எருமை மாதிரி இருந்தது.

"அது என் சம்சாரத்தோட குரல். நாந்தானே பதிவு பண்ணேன்" என்றார் சவுண்டு.

"நீங்க இங்க சம்பளம் வாங்குறீங்க சார். அதுவும் போக நீங்க அவங்க வீட்டுக்காரர். உங்க சாட்சி மட்டும் போதாது" என்ற வக்கீலம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு ஒரு தாளை எடுத்தார். "அப்புறம் இது ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரசிகருக்கு நீங்க குடுத்த பேட்டி. 'அது என் மனைவி குரல்தான், ஆனா அவ ஒத்துக்கவே மாட்டேங்குறா. எவனோ கெணத்துல விழுந்தவன்னு சொல்லுறா'னு சொல்லியிருக்கீங்க."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேல்கூரையில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டவும் வழியில்லை. சொன்னது அவள்தானே.

"நீங்களே இல்லன்னு சொன்னத நான் எப்பிடிம்மா ஆமான்னு எழுதறது?" என்றார் வக்கீலம்மா. "ஒரு தடவ கத்திக் காட்ட முடியுமா? ஒத்துப் பாத்துடலாம்."

யாரும் எதுவும் சொல்வதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். காற்று வந்தது. பழைய டியூபிலிருந்து வருகிற மாதிரி வெறும் காற்று. மறுபடி ஒரு தடவை முயன்றாள். குட்டி தலை குனிந்துகொண்டாள். இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பது கண்டக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது. உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, எனக்குத் தெரியாது" என்றார் வக்கீலம்மா. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் தாளை மூடி வைத்தார்.

தாளை மூடுகிற அந்தக் கையைப் பார்த்ததும்தான் கண்டக்டரம்மாவுக்குப் பொறி தட்டியது. அவள் மேஜைக்கு எதிரே நின்று, "நெசமாவே என்னோடதுங்க" என்று சொல்லி முகம் தொங்கிப்போனவர்கள் எத்தனை பேர். அப்போது அவள் தாளை மூடுகிற மாதிரியேதான் இவரும் மூடுகிறார். அவர்களுக்கு அவள் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

"முழு டேப்பும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. பழைய கம்பெனியோட பெட்டியில வந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கோம். இவங்களுக்கு வெட்டின துண்டுங்க மட்டும்தான் அனுப்பினோம்."

"அப்ப முழுசா இங்க யாருமே கேட்டதில்ல."

"இல்ல."

"சரி. என்கிட்ட அடையாளம் கேளுங்க."

வக்கீலம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சொல்லுங்க, கேக்கறேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"நான் எதுக்கு?"

"சொல்லிக் குடுத்தீங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. எறங்குங்க."

அவர் முனகிக்கொண்டே மாடிப்படி இறங்கிக் கண்ணாடிக் கடைக்குப் போனார். குட்டி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கத்தினதும் டிக்கெட்டுல ஓட்ட போடற பஞ்சால கம்பியில தட்டுவேன். பஸ் எடுக்கச் சொல்லி" என்று அவள் ஆரம்பித்தாள். வக்கீலம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாக் கண்டக்டரும் தட்டறதுதானே, இதுல என்ன அடையாளம்னு கேப்பீங்க. மத்தவங்க ரெண்டு தட்டு. நான் மூணு. எங்க டிரைவருக்கு ஒரு காது மந்தம். மொதத் தட்டு அவரு தலைய இந்தப் பக்கம் திருப்பறதுக்கு. அப்புறம் ரெண்டு."

"அப்புறம்?"

அப்புறம்தான் விஷயமே. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷமாக ஒரு மனுஷன் சத்தியம் பண்ணிச் சொல்லிவருகிறார், நடந்தே போனேன் என்று. அவர் பொய் பேசுகிற ஆள் கிடையாது. சொல்லிச் சொல்லி அவளே ஒரு கதையைக் கட்டிவிட்டாளோ? அப்படி இருந்தால் இன்றைக்குக் குரலும் போச்சு, சண்டையும் போச்சு.

"பஸ் கெளம்பிடுச்சு" என்றாள். "திரும்பிப் பாத்தேன். மழையில நிக்கறாரு. சட்டையக் கழட்டி அந்த டேப்பு மிஷினுக்குப் போத்தி, மிஷின நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெத்து ஒடம்போட நிக்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாவமாவும் இருந்துச்சு. ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன். 'சரி, ஏறித் தொலை'ன்னேன். அந்தத் 'தொலை'ங்கற எடத்துல என் குரல் பிசிறடிக்கும் பாருங்க. சிரிப்ப அடக்கிட்டுச் சொன்னேன், அதனால. அதான் அடையாளம்."

வக்கீலம்மா டேப்பை ஓடவிட்டார்.

மழை. எஞ்சின் இரைச்சல். யாரோ இருமினார்கள். "எறங்கு யோவ்!" அந்த வெண்கலம் மறுபடி அறையை நிறைத்தது. படியில் கால் சத்தம். டக். டக், டக். குட்டி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எஞ்சின் உறுமிக் கிளம்பியது, சத்தம் தூரப் போனது. அப்புறம் மழை மட்டும். மழையைத் தவிர ஒன்றுமே இல்லை. வக்கீலம்மா திரையைப் பார்த்தார், இன்னும் டேப் இருந்தது. மழை பெய்துகொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூரத்தில் ஒரே ஒரு டக்.

பிரேக் கிறீச்சிட்டது. அப்புறம், மழைக்கு மேலே, எஞ்சினுக்கு மேலே, அவள்:

"சரி, ஏறித் தொலை!"

கடைசி எழுத்தில் குரல் பிசிறடித்துச் சிரிப்பில் போய் விழுந்தது. சேற்றில் ஓடுகிற கால் சத்தம். மூச்சிரைக்க, காற்றாக ஓர் ஆண் குரல், "தேங்க்ஸ்ங்க." 'புஸ்' என்று கதவு மூடியது.

குட்டி கதவைத் திறந்துகொண்டு படிகளில் பாதிதூரம் ஓடி, "சவுண்டு சார்! மேல வாங்க! ஏறினீங்க சார், நீங்க ஏறினீங்க!" என்று கத்தினாள்.

அவர் கடையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புதுக் கண்ணாடியோடேயே மேலே வந்தார். அவருக்காக மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். 'தேங்க்ஸ்ங்க' வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"அது நாந்தானா?" என்றார்.

"இல்ல, கெணத்துல விழுந்தவன்" என்றாள் அவள்.

"நனஞ்சது நல்லா ஞாபகம் இருக்கு. ஏறினது ஞாபகமே இல்ல. அன்னிக்கு அந்தக் கத்தல வெட்டி எடுத்ததோட டேப்ப நிறுத்திட்டேன்."

"நல்லது எது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு?"

"மூணு நாள் காய்ச்சல் வந்துச்சே, அது நெசம்" என்று அவர் விடாமல் பிடித்தார்.

"எங்க பஸ்ல ஜன்னல் ஒழுகும். அதுல வந்திருக்கும்" என்று அவள் விட்டுக் கொடுத்தாள். அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டையில் தோற்ற மனுஷனின் முகம் மாதிரியே இல்லை. மருமகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

வக்கீலம்மா மூடிய தாளை மறுபடி திறந்து அவள் முன்னால் வைத்தார். குரலை விளையாட்டில் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று மேலே அச்சடித்திருந்தது. "கீழ உங்க கையால ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. என் குரலைக் கொடுக்கிறேன்னு எழுதினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கி, ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். வக்கீலம்மா படித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

"அம்மா, 'என் பொருளைப் பெற்றுக்கொண்டேன்'னு எழுதியிருக்கீங்க. நீங்க எங்களுக்குக் குடுக்கறீங்க. வாங்கல."

அவள் எட்டிப் பார்த்தாள். கை செய்த வேலை. "அய்யய்யோ" என்று தலையில் தட்டிக்கொண்டு, அடித்து எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள். பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே, 'என் குரலைக் கொடுக்கிறேன்' என்று இன்னொரு வரி எழுதி, இன்னொரு கையெழுத்தும் போட்டாள். போட்டுவிட்டு என்னவோ சொன்னாள்.

"என்னம்மா சொன்னீங்க? காதுல விழல" என்றார் வக்கீலம்மா.

குட்டி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கைக்கு வந்தாத்தானே குடுக்க முடியும்னு சொன்னேன்" என்றாள் கண்டக்டரம்மா.